ஒரு பெயருக்குள் அடங்காதவர்கள்: கம்பம் பள்ளத்தாக்கில் நீர், சட்டம், கூலி, காடு

மேற்கே ஏலமலைக்கும் கிழக்கே மேகமலைக்கும் நடுவில், குமுளி மலையடிவாரத்து லோயர்கேம்ப்பில் தொடங்கி வடகிழக்காகத் தேனி வரை நீளும் தாழ்நிலமே கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. 1996இல் மதுரையிலிருந்து பிரித்து உருவாக்கிய தேனி மாவட்டத்தின் செழிப்பான பகுதி இது. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 12.45 லட்சம். வீட்டில் கன்னடம் பேசி, கம்பத்தில் தம்பிரான் மாட்டுத்தொழுவைப் போற்றிவரும் காப்பிலியர், உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் வேரூன்றிய ராவுத்தர்கள், தெலுங்கு பேசும் நாயக்கர்கள், ராயப்பன்பட்டியின் கத்தோலிக்கத் திராட்சை விவசாயிகள், பிரமலைக் கள்ளர், தேவேந்திரர், பறையர், அருந்ததியர், கோனார், மலையோரத்துப் பளியர் எனப் பலர் இந்தக் குறுகிய நிலத்தில் நெருங்கி வாழ்கிறார்கள்.

மொழி, சாதி, மத வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரிகிறவை. அவற்றைப் பட்டியலிடுவது எளிது. அரசாங்கங்கள் அதைத்தான் செய்துவந்திருக்கின்றன. ஓர் அணையோ, ஒரு சட்டமோ, காட்டுக்குப் போடும் ஓர் எல்லைக்கோடோ ஒவ்வொருவர் வாழ்விலும் வெவ்வேறு விதமாக இறங்குவதைப் பார்ப்பது அதைவிடக் கடினம். பள்ளத்தாக்கின் கடந்த நூற்று முப்பது ஆண்டு வரலாற்றில், அப்படிப் பார்க்கத் தவறிய இடங்களிலெல்லாம் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்.

முதலில் நீர். மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றைக் கிழக்கே திருப்புவதற்காகத் திருவிதாங்கூர் மன்னருக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே 1886 அக்டோபர் 29இல் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. கர்னல் ஜான் பென்னிகுயிக் மேற்பார்வையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுப்பிய முல்லைப்பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நீர் இறங்கி, முல்லையாறாகி, சுருளியாற்றோடு சேர்ந்து வைகையை அடைகிறது. பஞ்சத்திலிருந்து மீட்ட கொடை என்றே பள்ளத்தாக்கு இதை நினைக்கிறது. பாலார்பட்டி போன்ற ஊர்களில் பென்னிகுயிக்கின் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் உண்டு. இந்த நன்றியில் போலி ஏதுமில்லை.

ஆனால் அந்த நன்றியின் அளவு, வயல் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் ஆயக்கட்டு 14,707 ஏக்கர். அதில் உத்தமபாளையம் வட்டத்துக்கு 11,807 ஏக்கர், தேனி வட்டத்துக்கு 2,412, போடி வட்டத்துக்கு 488. அணையில் நீர் இருந்தால் ஜூன் முதல் தேதியிலேயே முதல்போகத்துக்குத் திறந்துவிடுவது வழக்கம். பிற்காலத்தில் வெட்டிய 18ஆம் கால்வாயை நம்பியிருக்கும் 4,614 ஏக்கருக்கோ மழைக்காலத்தில் நீர் மிஞ்சினால்தான் பங்கு. ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரி விவசாயிக்கு அந்த அணை பேருந்தில் போகும்போது சன்னல் வழியே தெரியும் பச்சை, அவ்வளவுதான். ‘விவசாயி’ என்ற ஒரே சொல் இந்த மூவரையும் ஒன்றாக்கிவிடுகிறது. கண்மாய்க்கு நீர் கேட்டு மனு கொடுப்பவரும் முதல்போக நாற்றுக்கு விதை கேட்டு மனு கொடுப்பவரும் ஒரே அலுவலக வரிசையில் நிற்கிறார்கள். இருவர் கவலையும் ஒன்றல்ல.

மலைக்கு மறுபுறம், கேரளத்துக்குள் போனால் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. வண்டிப்பெரியாறு, வல்லக்கடவு, உப்புதறை ஊர்களில் ஆற்றங்கரையில் வாழ்வோருக்கு அணை என்பது மழைக்கால இரவுகளில் வரும் அச்சம். பொறியியல் நோக்கில் அந்த அச்சம் எவ்வளவு பொருத்தமானது என்பதை வல்லுநர் குழுக்களும் நீதிமன்றங்களும் ஆராய்ந்திருக்கின்றன. உச்ச நீதிமன்றம் 2014 மே 7இல் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு சட்டப் பிரச்சினையைத் தீர்க்கலாம். அணைக்குக் கீழே படுத்துறங்கும் குடும்பத்தின் இரவு, தீர்ப்பின் பக்கங்களில் இடம்பெறுவதில்லை. அணை கட்டியபோது மலேரியாவிலும் காலராவிலும் இறந்த கூலிகளின் கல்லறைகள் அணைக்கு அருகே காட்டுக்குள் கிடக்கின்றன. கொடை என்ற சொல்லுக்குள் அவர்களும் வரவில்லை.

இதே மாவட்டத்தில் வைகை அணையின் கதையும் இப்படித்தான். 1959இல் திறந்த அந்த அணை கீழேயுள்ள மதுரைப் பக்கத்து வயல்களுக்குப் பெருமை. நீருக்குள் மூழ்கிய ஊர்க்காரர்களுக்கு இழப்பு. வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ அந்த இழப்பின் பக்கம் நின்று எழுதிய நாவல். பாசனப் புள்ளிவிவரங்கள் சொல்லாத பகுதியை ஒரு நாவல் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாவது, சட்டம். வேறுபாட்டைக் கவனிப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்குப் பள்ளத்தாக்கின் மிகப் பெரிய சான்று குற்றப்பரம்பரைச் சட்டம். அந்தச் சட்டம் வேறுபாட்டைக் கவனிக்காமல் விடவில்லை. சிலர் பிறப்பிலேயே வேறானவர்கள் என்று தீர்மானித்து, அந்த வேறுபாட்டைப் பதிவேட்டில் ஏற்றி, பிள்ளைகளுக்கும் கடத்தியது.

1871இல் வட இந்தியாவில் வந்த இந்தச் சட்டம் 1911இன் திருத்திய வடிவில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரையை ஒட்டிய கீழக்குடிக் கள்ளர்மீது 1914இலும், பின்னர் 1918இல் பிரமலைக் கள்ளர் முழுவதன்மீதும் அதைச் சுமத்தினார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மேற்கே நகர்ந்து கம்பம் பள்ளத்தாக்கில் குடியேறிய கள்ளர்களும் அதில் சிக்கினார்கள். மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். விரல்ரேகையை உருட்டி எடுப்பது, இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுப்பது, வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்குவது ஆகியவை அதன் அன்றாடம். குற்றம் செய்தாரா என்ற கேள்வியே எழவில்லை. எந்தக் குடும்பத்தில் பிறந்தார் என்பதே போதுமானதாக இருந்தது.

இதற்கு முன்கதை உண்டு. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் கள்ளர்கள் பல ஊர்களில் காவல்காரர்கள். ஊர் காவல்கூலி கொடுக்கும். மாடு களவுபோனால் துப்புக்கூலி கொடுத்து மீட்கும். ஊரின் பாதுகாப்பும் ஊரின் அச்சமும் ஒரே ஏற்பாட்டுக்குள் இருந்தன. 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கத்திலும் மதுரை வட்டாரத்திலும் குடியானவர்கள் பண்டு திரட்டி, தங்களுக்கென்று காவலாட்களை வைத்துக்கொண்டு, கள்ளர் காவலை எதிர்த்தார்கள். அவர்களுக்கு அது விடுதலை. வேலையும் மரியாதையும் பறிபோன காவல்காரருக்கு வீழ்ச்சி. அரசாங்கம் இந்த இரண்டு அனுபவங்களையும் பிரித்துப் பார்த்திருந்தால், ஒரு தொழில் ஏற்பாடு குலைந்ததையும் நிலமில்லாதவர்கள் வழியற்றுப் போனதையும் கண்டிருக்கலாம். அது பிறவிக் குணத்தைக் கண்டது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளந்து மக்களை வகைப்படுத்தி, 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி வெளியிட்ட காலம் அது. அளவுகோலும் பதிவேடும் ஒரே மனநிலையிலிருந்து வந்தவை.

1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். காவல்துறை சுட்டது, மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்றே அவளை ஊர் நினைவுகூர்கிறது. அவளை இங்கே தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ரேகைப் பதிவேடு பெரும்பாலும் வயதுவந்த ஆண்களுடையது. இந்தச் சட்டத்தைப் பற்றிய நினைவுகளும் ஆண்களின் அவமானத்தையே மையமாக வைத்துச் சொல்லப்படுகின்றன. ஊரின் ஆண்கள் சாவடியில் படுத்திருந்த இரவுகளில், குழந்தைகளோடும் மாடுகன்றுகளோடும் தனித்திருந்த பெண்களின் இரவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. முறைப் பாசனத்தில் இரவில் மடை திருப்ப வேண்டிய வயல்காரர், சாவடியில் அடைபட்டிருந்தால் அந்த நீரை யார் பார்த்தார்கள் என்று யோசித்தாலே, சட்டத்தின் சுமை யார் தோளுக்கு மாறியது என்பது புரியும்.

இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்காடியவர்களில் மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் ஒருவர். செங்கண்ணூரில் பிறந்த மலையாளக் கிறித்தவர். மொழி, மதம், ஊர் எல்லாம் வேறு. ஆனாலும் கள்ளர்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று அன்போடு அழைத்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையே வைத்தவர்களும் உண்டு. ஒருவரின் துன்பத்தைப் புரிந்துகொள்ள அவரைப் போலவே பிறந்திருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு எதிரான சான்று இது. முத்துராமலிங்கத் தேவர், பி. ராமமூர்த்தி, ஜானகி அம்மாள் எனப் பலர் தொடர்ந்து போராடினார்கள். 1947இல் சென்னை மாகாண அரசு சட்டத்தை நீக்கியது; நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இல் அது ஒழிந்தது.

சட்டம் போனாலும் அதன் உடன்பிறப்பான கள்ளர் சீரமைப்புத் துறை தொடர்ந்தது. அது தொடங்கிய பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. ‘சீரமைப்பு’ என்ற பெயரே ஒரு காலத்தில் அவமானம். ஆனால் எழுத்தறிவில்லாத பெற்றோரின் பிள்ளைகள் படித்து ஆசிரியராகவும் காவலராகவும் ஆனதும் அந்தப் பள்ளிகளில்தான். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024இல் இவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கவும் பெயரிலிருந்து சாதியை நீக்கவும் பரிந்துரைத்தது. சாதியில்லாப் பள்ளி என்ற நோக்கில் பரிந்துரை நியாயமானது. மக்களின் எதிர்ப்புக்கும் நியாயம் இருக்கிறது: தண்டனையின் பகுதியாக வந்ததைத் தங்கள் உழைப்பால் சொத்தாக மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். பொதுக்கொள்கை ஒன்றை எழுதுபவர் இந்த வரலாற்றைப் பழங்கதை என்று தள்ளிவிட்டு எழுதினால், நல்ல கொள்கையும் இன்னொரு உத்தரவாகத்தான் போய்ச் சேரும்.

துன்பப்பட்ட சமூகம் என்பதால் அதன் உள்ளே எல்லோரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள் என்றோ, அது பிறருக்குத் துன்பம் தராது என்றோ கொள்ள முடியாது. சொல்வதற்கு வருத்தமானது, சொல்லாவிட்டால் ஆய்வு பாதியாகிவிடும். 1989இல் போடியிலும் சுற்றுப்புறங்களிலும் நடந்த சாதிக் கலவரத்தில் பல உயிர்கள் போயின. தலித்துகளின் குடியிருப்புகள் அழிந்தன. மலைக்குக் கிழக்கே மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவியைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய 1996க்குப் பிறகு, பத்து ஆண்டுகள் அங்கே முறையான தேர்தலோ நிலைத்த தலைமையோ அமையவில்லை. 2006 அக்டோபரில்தான் அமைந்தது. குற்றப்பரம்பரை என்ற முத்திரையால் கூனிக்குறுகிய ஒரு தலைமுறையின் பேரப்பிள்ளைகள், பக்கத்துத் தெருக்காரர் நாற்காலியில் அமர்வதைத் தடுத்தார்கள். இரண்டுமே உண்மை. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மன்னிக்கவும் முடியாது. இரண்டாவதைக் காட்டி முதலாவதை இல்லையென்று சொல்லவும் முடியாது. ஒரு சமூகத்தை ‘பாதிக்கப்பட்டவர்’ அல்லது ‘ஆதிக்கம் செலுத்துபவர்’ என்று ஒரே சொல்லால் குறிக்கும் எழுத்து இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. அதே ஊர்களின் அருந்ததியர் குடும்பங்களிடம் கைரேகைச் சட்ட காலத்தைப் பற்றிக் கேட்டால் வேறொரு நினைவு கிடைக்கும். அதைக் கேட்டு எழுதியவர்கள் மிகக் குறைவு.

மூன்றாவது, கூலி. விடியுமுன்னே கம்பம், கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடி ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்புகின்றன. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, மாலையில் திரும்பக் கொண்டுவருகின்றன. ஏலச்செடியின் காய்ச்சரம் தூரில், தரையை ஒட்டிக் கிடக்கும். காயெடுப்பவர் நாள் முழுக்கக் குந்தியோ குனிந்தோ நகர வேண்டும். ஈரம், அட்டைக்கடி, அடிக்கடி தெளிக்கும் பூச்சிமருந்து எல்லாம் அதோடு சேர்ந்தவை. சமவெளிக் கூலியைவிட மலைக்கூலி அதிகம், அதனால்தான் போகிறார்கள். கொள்ளளவுக்கு மேல் ஆளேற்றிய ஜீப்புகள் மலைவளைவில் கவிழ்ந்து உயிர்கள் போவது பலமுறை நடந்திருக்கிறது. போடியிலும் புத்தடியிலும் நடக்கும் ஏலத்தில் காயின் கிலோ விலை திரையில் ஏறி இறங்குவதை நாடே பார்க்கிறது. காயைப் பறித்த கையின் கணக்கு அந்தத் திரையில் வருவதில்லை.

இந்தப் பெண்கள் எந்தச் சட்டத்தின் சொல்லுக்குள் வருகிறார்கள்? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் போன்றவற்றை உறுதிசெய்யப் பிறந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் தங்கியிருக்கும் தொழிலாளியை மனதில் வைத்து எழுதியது அது. பின்னர் ஏலத்துக்கும் விரிந்தது. ஆனாலும் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் என்ற அளவுக்குக் கீழிருந்த தோட்டங்கள் வெளியே நின்றன. இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் சிறியவை ஏராளம். புலம்பெயர் தொழிலாளர் என்று பொதுவாக நினைப்பது வேறு மாநிலத்தில் போய்த் தங்குகிறவரை. அன்றாடம் மாநில எல்லையைக் கடந்து இரவில் வீடு திரும்புகிறவர் அந்த நினைப்புக்குள் பொருந்துவதில்லை. வேலை கேரளத்தில், ரேஷன் கார்டும் ஓட்டும் தமிழ்நாட்டில். ஒரு மாநிலம் வேலையாள் என்று பார்க்கிறது, மற்றது குடிமகள் என்று பார்க்கிறது. முழு ஆளை இரண்டும் பார்ப்பதில்லை.

அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரை இதை நினைவூட்டுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு எதிராகக் கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கை 1976இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருந்தது. அவர்கள் வெள்ளையினப் பெண்கள். கறுப்பினத்தவரையும் வைத்திருந்தது, அவர்கள் ஆண்கள். ஆகவே பெண் என்ற தலைப்பிலும் பாகுபாடு இல்லை, இனம் என்ற தலைப்பிலும் இல்லை என்றாயிற்று. இரண்டு தலைப்புகளும் சந்திக்கும் இடத்தில் நின்றவர்களைச் சட்டத்துக்குப் பார்க்கத் தெரியவில்லை. ஏலத்தோட்டத்துப் பெண் இதைவிடச் சிக்கலான சந்திப்பில் நிற்கிறாள்: பெண், பெரும்பாலும் நிலமில்லாதவள், பலசமயம் தலித், எல்லை கடப்பவள், தினக்கூலி. அமெரிக்கக் கோட்பாட்டை அப்படியே இங்கே பொருத்த வேண்டியதில்லை. சாதிக்கும் நிறத்துக்கும் வரலாறுகள் வேறு. கேட்க வேண்டிய கேள்வி மட்டும் பொது: தலைப்புகளுக்கு நடுவில் விழுந்துபோனவர் யார்?

2011 இறுதியில் முல்லைப்பெரியாறு பதற்றம் முற்றியபோது இந்தக் கேள்வியின் அவசரம் தெரிந்தது. குமுளிச் சாலை வாரக்கணக்கில் முடங்கியது. கூடலூரிலிருந்து எல்லையை நோக்கி மக்கள் பெருங்கூட்டமாகத் திரண்டார்கள். நாளேடுகளில் அது இரண்டு மாநிலங்களின் மோதல். பள்ளத்தாக்குக்குள்ளோ ஆயக்கட்டுக்காரருக்கு நீருரிமை, ஜீப்பில் போகும் பெண்ணுக்கு நின்றுபோன கூலி, எல்லையோரக் கடைக்காரருக்கு அடைத்த கதவு. ஒரே வீட்டிலேயே வயல் கணவனுடையதாகவும் தோட்டக்கூலி மனைவியுடையதாகவும் இருந்தால், அந்தப் போராட்டம் ஒரே அடுப்பின் இரண்டு வருமானங்களை எதிரெதிரே நிறுத்தியது. 2020 ஊரடங்கில் எல்லை மூடியபோது இதே பெண்கள் மீண்டும் வேலையிழந்தார்கள். அப்போதும் செய்தி ஏலக்காய் வரத்தைப் பற்றியே அதிகம் வந்தது.

காட்டின் கதைக்கு வந்தால் முதலில் நிற்பவர்கள் பளியர். மேகமலை, வருசநாடு, பழனிமலைச் சரிவுகளில் கிழங்கும் தேனும் எடுத்து வாழ்ந்தவர்கள். கூடலூருக்கு அருகே பளியன்குடியிலிருந்துதான் மங்கலதேவி கண்ணகி கோவிலுக்கு நடைபாதை ஏறுகிறது. சித்திரைப் பௌர்ணமியன்று கூட்டம் அந்த வழியே போகும். 1960களில் பளியரிடையே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்கள் போட்டியையும் சண்டையையும் எப்படித் தவிர்க்கிறார்கள் என்பதை விரிவாக எழுதினார். தகராறு வந்தால் வாதாடி வெல்வதில்லை, விலகிப்போவார்கள். ஒருவர் மற்றவருக்கு உத்தரவிடுவதை அவர்கள் மதிப்புக் குறைவாகக் கருதுவார்கள். சமவெளிக்காரர் கண்ணுக்கு இது கூச்சமாகவும் பயமாகவும் தெரிகிறது. அந்தக் கண்ணோடுதான் பல நலத்திட்டங்கள் அவர்களை அணுகியிருக்கின்றன. குறைதீர்க்கும் நாளில் எழுந்து நின்று உரக்கக் கேட்பவருக்கே கிடைக்கும் ஏற்பாடு, உரக்கக் கேட்பதைத் தவறென்று வளர்ந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பிவிடும். யாரும் வேண்டுமென்று செய்யும் அநீதி இல்லை இது. எல்லோரும் ஒரே மாதிரி கேட்பார்கள் என்று நம்பிய ஏற்பாட்டின் விளைவு.

அதே மலையில் பளியரல்லாத ஏழைகளும் இருக்கிறார்கள். வருசநாட்டு மலைச்சரிவுகளில் பல தலைமுறையாக வெள்ளாமை செய்யும் குடும்பங்கள் அவை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு 2005 டிசம்பர் 13க்கு முந்தைய குடியிருப்பே போதும் என்கிறது. மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பழங்குடியினரின் வரலாற்று இழப்பைக் கருதினால் இந்த வேறுபாடு நியாயமானதே. ஆனால் ஜமீன் காலத்தில் வாய்ச்சொல்லில் நிலம் பெற்ற குடும்பத்திடம் எந்தக் காகிதம் இருக்கும்? மேகமலை 2009இல் வனவிலங்குச் சரணாலயமானது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியானது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, சில நாட்களிலேயே அந்தத் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் அளவில் குறுக்கியது. தேனி மலைமாட்டுக் கிடைக்காரர்களுக்கு அந்தக் குறுக்கலால் பெரிய ஆறுதல் இல்லை. அவர்கள் மேய்த்த மலைகளில் பெரும்பகுதி காப்பகத்துக்குள்தான் இருக்கிறது. மூலவைகை பிறக்கும் காடு அழிந்தால் கீழே ஆற்றை நம்பியவர்களுக்கு நீர் இருக்காது என்பதும் பொய்யில்லை. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் இந்தக் கட்டுரைக்கு ஐயமில்லை. அந்தக் காப்பின் செலவு முழுவதையும் மிகக் குறைந்த காகிதம் வைத்திருப்பவர்களே ஏற்கும்படி ஆவதுதான் பிரச்சினை.

இத்தனை வேறுபாடுகளை எப்படி அறிவது? பள்ளத்தாக்கையும் அதன் அண்டை நாட்டையும் பற்றிய ஆய்வுகளே மூன்று வழிகளைக் காட்டுகின்றன. தர்ஸ்டன் அளந்தார். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துயுமோன் 1949–50இல் உசிலம்பட்டிப் பக்கத்தில் பிரமலைக் கள்ளரிடையே தங்கி, உறவுமுறை, மணமுறை, வழிபாடு ஆகியவற்றின் ஒழுங்கைத் தேடினார். 1957இல் வந்த அவருடைய நூல் இன்றும் துல்லியத்தில் நிகரற்றது. குற்றவாளி என்ற முத்திரைக்குப் பின்னால் செறிவான ஒரு சமூக ஒழுங்கு இருப்பதை அது காட்டியது. ஆனால் ஒழுங்கைத் தேடும் கண், ஒழுங்குக்குள் நிற்காத தனி மனிதரைக் கடந்து போய்விடும். அரை நூற்றாண்டுக்குப் பின் கம்பம் பள்ளத்தாக்கில் ஆய்வு செய்த ஆனந்த் பாண்டியன், 2009இல் வெளியிட்ட நூலில் வேறொன்றைக் கேட்டார். திருத்தப்பட வேண்டியவர்கள் என்று அரசாங்கமும் பாதிரிமாரும் சொன்ன மக்கள், நல்ல வாழ்வு எது என்று தாங்களே எப்படிப் பேசுகிறார்கள்? உழவு, பயிர், நீர் ஆகியவற்றின் பேச்சிலேயே அவர்கள் ஒழுக்கத்தைப் பற்றியும் பேசுவதை அவர் கவனித்தார். ஒருவரைப் பற்றிக் கேட்பதைவிட ஒருவரிடம் கேட்பது கடினம். நேரமும் பொறுமையும் வேண்டும். மூன்றில் இந்த வழியே மிகுதியாகக் கற்றுத்தருகிறது.

அனுபவத்தைக் கேட்பதற்கும் எல்லை உண்டு. ஒருவர் தன் வாழ்வைப் பற்றிச் சொல்வது அவருக்கு உண்மை. தன் துன்பத்துக்குக் காரணம் என்று அவர் சொல்வது தவறாகவும் இருக்கலாம். அணை உடையும் என்ற அச்சம் உண்மையான அச்சம். அணை உடையுமா என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். தன் சாதியே அதிகம் இழந்தது என்று ஒவ்வொரு தெருவும் சொல்லக்கூடும்; அதைச் சரிபார்க்க நிலப் பதிவேடும் கூலிக் கணக்கும் வேண்டும். கேட்பதும் எண்ணுவதும் ஒன்றையொன்று திருத்த வேண்டியவை.

எண்ணாமல் விடுவதன் விளைவை நீதிமன்றங்களும் சுட்டியிருக்கின்றன. 2021இல் தமிழக அரசு மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 விழுக்காட்டை வன்னியருக்கு 10.5, குற்றப்பரம்பரைச் சட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சீர்மரபினரும் வேறு சிலரும் அடங்கிய பிரிவுக்கு 7, மீதியோருக்கு 2.5 என்று பிரித்தது. உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2022 மார்ச் 31இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஒரு சாதியைத் தனியே பிரிப்பதற்குப் போதிய, அண்மைக்காலத் தரவு இல்லை என்பது முக்கியக் காரணம். பெயர்ச் சிக்கலும் இதையொட்டியது. 1979இல் ஓர் அரசாணை ‘சீர்மரபுப் பழங்குடியினர்’ என்பதைச் ‘சீர்மரபு வகுப்பினர்’ என்று மாற்றியது. பழைய பெயரில்தான் தங்கள் வரலாறு இருக்கிறது என்று பல ஆண்டுகள் போராடியபின், 2019 மார்ச்சில் மாநிலத் தேவைக்கு ஒரு பெயரும் மத்திய அரசுத் தேவைக்கு இன்னொரு பெயருமாக இரட்டைச் சான்றிதழ் வழங்க அரசு ஒப்புக்கொண்டது.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் எண்ணப்போவதாக ஒன்றிய அரசு 2025இல் அறிவித்தது. 1931க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் முழுமையாக எண்ணும் முதல் பொதுக் கணக்கெடுப்பு அது. பிரமலைக் கள்ளர் எத்தனை பேர், காப்பிலியர் எத்தனை பேர், அருந்ததியர் எத்தனை பேர் என்பது அதில் தெரியவரும். ஆயக்கட்டின் கடைமடையில் இருப்பவர் யார், மெட்டு ஏறும் ஜீப்பில் போகிறவர் யார், 75 ஆண்டுக் காகிதம் இல்லாதவர் யார் என்பதை அறிய, சாதிக் கட்டத்துக்கு அருகே நிலத்தின் மடை, வேலையிடம், குடியேறிய காலம் ஆகியவற்றையும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே கேட்கும் மாவட்ட அளவிலான ஆய்வு தேவைப்படும். உத்தமபாளையம் வட்டத்தில் நான்கைந்து ஊர்களில் அதைத் தொடங்குவது ஒரு கல்லூரித் துறைக்கே சாத்தியமான வேலை.